ஊமைக்கசம், 12.11.98

ஊசியின் தலையைப் பிடித்துத் தூக்குங்கள். வண்டின் பக்கம் விரல் போகவே கூடாது. அப்படித்தான். இனி லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஊசியை மெல்லக் கிட்டே கொண்டு வாருங்கள். லென்ஸை அசைக்காதீர்கள், ஊசியை அசையுங்கள். தெரிகிறதா? முக்கோணமாக வெட்டிய சின்ன அட்டை. அதன் நுனியில் எள்ளில் பாதி அளவுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறதே, அதுதான் உங்கள் அப்பா.

அப்பாவின் பெயரை வைத்த வண்டு என்று சொல்ல வந்தேன். இந்த அறையில் அப்படிப் பேசியே பழகிவிட்டது. மாணவர்கள் வந்தாலும் இந்தப் பெட்டியைத் திறந்து, இவர்தான் ஏசுவடியான் என்றுதான் காட்டுவேன். லத்தீனில் கொஞ்சம் நீட்டிச் சொல்வோம். ஆனால் பெயர் அதுதான்.

அட்டைக்குக் கீழே ஊசியில் கோத்திருக்கிற லேபிள்களைப் பாருங்கள். சிவப்பாக இருப்பது, இந்த இனத்துக்கே இந்த ஒரு உடல்தான் மூலம் என்பதற்கு அடையாளம். உலகத்தில் யார் எங்கே இதே மாதிரி ஒன்றைப் பிடித்தாலும், இதுதானா அது என்று கேட்க இந்தப் பெட்டியிடம்தான் வரவேண்டும். அதற்குக் கீழே வெள்ளை லேபிள். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். ஊமைக்கசம், 9.9.98, ஏசுவடியான். என் கையெழுத்துதான். கறுப்பு மை. அப்போதெல்லாம் கை நடுங்காது எனக்கு.

கதவைச் சாத்திவிட்டு வருகிறீர்களா? குளிருக்கு இல்லை. வெளியே சாக்கு மிதியடி போட்டிருக்கிறது. நீங்கள் வரும்போது அதில் செருப்பைத் தேய்த்தீர்கள். முதலில் குதிகால், அப்புறம் முன்பக்கம், உங்கள் அப்பா மாதிரியே. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலம் வந்தால் அந்தச் சத்தம் அடிக்கடி வரும். எழுந்து போய்ப் பார்த்தால் மிதியடி காய்ந்துபோய்க் கிடக்கும். வாட்ச்மேன், அது நாய் சார் என்கிறான். இருக்கலாம். நாய் முதலில் குதிகாலைத் தேய்க்குமா என்று அவனிடம் கேட்கவில்லை. அதனால் நிமிராமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

உட்காருங்கள். வந்ததும் வராததுமாக ஒன்று கேட்டீர்கள். 'அப்பா அன்னைக்கு எதுக்கு சார் அங்க போனாங்க?' அதற்குத்தான் இந்த வண்டைக் காட்டினேன். இதைப் பார்க்காமல் நான் என்ன சொன்னாலும் விளங்காது.

உங்கள் அப்பா இந்த விலங்கியல் துறைக்கு முதலில் தவளைக்காரர். தெரியுமா அது? பிராக்டிகல் பரீட்சைக்குத் தவளை வேண்டும், கரப்பான் வேண்டும். மலையடிவாரத்திலிருந்து ஈரச் சாக்கில் தவளையோடு பஸ்ஸில் வந்து இறங்குவார். கண்டக்டரிடம் தினம் ஒரு சண்டை. பிறகு தவளையை அறுக்கக் கூடாது என்று வந்துவிட்டது. ஒருநாள் வெறுங்கையோடு வந்து அந்த வாசலில் நின்றார். நான் நீர்வண்டுகளை வகைபிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் முப்பது நாற்பது கிடந்தன. எட்டிப் பார்த்துவிட்டு, 'இதுல ரெண்டு சாதி கலந்து கெடக்கு சார்' என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மைக்ரோஸ்கோப்பில் மூன்று நாள் பார்த்து எல்லாம் ஒன்றே என்று எழுதியிருந்தேன். 'இது தலைகீழா முங்கும், அது சாஞ்சு முங்கும். உசுரோட பாத்தா தெரிஞ்சிரும்' என்றார். செத்ததைத்தானே நாங்கள் பார்க்கிறோம். அறுத்துப் பார்த்தேன். இரண்டு இனம்தான்.

அன்றைக்கிலிருந்து அவர் என்னோடு. தினக்கூலி என்றுதான் பதிவு. ஆனால் மலையில் எந்த ஓடையில் எந்தக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நான் கரையில் நின்று வலையைக் கழுவுவேன். இதை நான் எங்கும் மறைத்ததில்லை. என் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில் அவர் பெயர் ஆறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் வேண்டுமானால் எண்ணிப் பார்க்கலாம்.

வேடிக்கையான மனிதர். ஒருமுறை கேட்டார், 'புதுசா கண்டுபிடிச்சா உங்க பேரையே வச்சிக்கிட வேண்டியதுதான சார்?' அப்படி வைக்கிற வழக்கமில்லை, தன் பெயரைத் தானே வைத்தால் உலகம் சிரிக்கும், இன்னொருத்தர்தான் நமக்கு வைக்கவேண்டும் என்றேன். 'அப்பம் எனக்கு நீங்க வைங்க, உங்களுக்கு நான் வைக்கேன்' என்றார். அடுத்த வாரம் ஆசிரியர் அறையில், எல்லோரும் இருக்கும்போது, சாக்கிலிருந்து ஒரு சொறித்தவளையை எடுத்து மேஜையில் வைத்தார். முழி பிதுங்கின பெரிய தவளை. 'இவருதான் சங்கரலிங்கம். வாய மூடவே மாட்டேங்காரு.' இரண்டு வருஷம் எனக்கு இந்தத் துறையில் அதுதான் பெயர். நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவரை அதற்குமேல் வரவிட்டிருப்பேனா?

இந்த வண்டுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் முதல் ஒன்றைக் கொண்டு வந்தார். ஊமைக்கசத்திலிருந்து. ஆற்றில் ஆழமாகக் குழிந்து கிடக்கிற இடத்தைக் கசம் என்போம், உங்களுக்குத் தெரியாததில்லை. மேலே தண்ணீர் அத்தனை சத்தம் போட்டுக்கொண்டு வரும். அந்த இடத்தில் மட்டும் சத்தமே இருக்காது. கொண்டு வந்தவர், 'இதுக்குக் கண்ணில்ல சார்' என்றார். லென்ஸில் பார்த்தேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தழும்பு மாதிரி கோடு. உடம்பு வெளுத்த தேன் நிறம். கண் இல்லை என்றால் என்ன பொருள்? வெளிச்சமே தேவைப்படாத இடத்தில் வாழ்கிறது. ஆற்றுப் படுகைக்கு அடியில், சரளைக்குள், நிலத்துக்குள் ஊறுகிற தண்ணீரில். வெள்ளம் வந்து படுகையைக் கிளறும்போது நாலைந்து மேலே வரும். வெள்ளம் வடிந்தால் திரும்ப உள்ளே போய்விடும். வருஷத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள்.

ஆனால் அது பெண். நீங்கள் நர்ஸ், உங்களிடம் சொல்லத் தயக்கமில்லை. இந்த வண்டுகள் வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆணின் உறுப்பை எடுத்து அதன் வளைவைப் பார்த்தால்தான் இனம் தெரியும். சாவி பூட்டுக்குச் சேருவது போல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வளைவு. ஆண் இல்லாமல் புது இனம் என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். ஒரு வருஷம் அந்தப் பெண் வண்டு இந்தப் பெட்டியில் தனியாகக் கிடந்தது. நான் தினமும் திறந்து பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள்.

அடுத்த வருஷம் நவம்பரில் வியன்னாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த வண்டுகளில் பெரிய ஆள் ஒருத்தர் அங்கே இருந்தார். கேரளத்தில் ஒரு கிணற்றிலிருந்து கண்ணில்லாத நீர்வண்டு கிடைத்திருக்கிறது, கட்டுரை அச்சில் இருக்கிறது, உங்களிடமும் அப்படி ஒன்று உண்டாமே என்று எழுதியிருந்தார். முதலில் அச்சில் போடுகிறவர் வைப்பதுதான் பெயர். ஒரு நாள் பிந்தினாலும் நம்முடையது செல்லாது. கடிதம் வந்த அன்று உங்கள் அப்பா இங்கேதான் இருந்தார். இதோ, நீங்கள் இருக்கிற இந்த முக்காலியில். விஷயத்தைச் சொன்னேன். விஷயத்தை மட்டும்தான் சொன்னேன். போங்கள் என்று சொல்லவில்லை. அது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

'மேல நல்ல மழ சார். தண்ணி கொஞ்சம் எறங்கட்டும். ஒரு பத்து நாள்' என்றார்.

பத்து நாளில் அது திரும்ப மண்ணுக்குள் போய்விடுமே என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? வண்டின் சுபாவம் அது. நானா அதை மண்ணுக்குள் போகச் சொன்னேன்?

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். 'ஒண்ணு போதுமா சார்?' என்றார்.

ஒரு ஆண் போதும் என்றேன்.

குழாய்களை எடுத்துக் கொடுத்தேன். பிடித்ததைப் போடுகிற சின்னக் கண்ணாடிக் குழாய், மூன்று. வண்டு கெடாமல் இருக்க அதில் ஊற்ற ஒரு பாட்டிலில் ஸ்பிரிட் கொடுத்தேன். இதெல்லாம் வழக்கமாகக் கொடுப்பதுதான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, 'சங்கரலிங்கம் சத்தம் போடாம இருக்கணும்' என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் காலை, கசத்துக்கு இரண்டு பர்லாங் கீழே பாறையில் கிடந்தார். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சட்டைப் பையில் கல்லூரி முத்திரை போட்ட குழாய் இருந்ததே, அதனால். ஒரு கைக்குட்டையில் மூன்று குழாயையும் சுற்றி, ரப்பர் போட்டு, பையின் வாயை ஊக்கால் குத்தியிருந்தார். ஒன்றுகூட உடையவில்லை. ஏட்டு மேஜையில் அதை வைத்திருந்தார். பக்கத்தில் அந்தப் பாட்டில். நீங்க அனுப்புனீங்களா சார் என்று கேட்டார். எங்களுக்குத் தவளை கொண்டு வருகிறவர் என்றேன். அது பொய்யில்லை. மலைக்குள் போக வனத்துறை கொடுத்த அனுமதி செப்டம்பரோடு முடிந்திருந்தது. அனுமதி இல்லாமல் மழையில் ஒரு தினக்கூலியை அனுப்பினேன் என்று கல்லூரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், சொல்லுங்கள். இந்தச் சேகரிப்பையே மூடியிருப்பார்கள். பன்னிரண்டாயிரம் வண்டுகள், அம்மா. நான் என்னை நினைக்கவில்லை.

ஏட்டு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். குவார்ட்டர் பிராந்தி பாட்டில். உள்ளே பாதி இருந்தது. 'நல்லா ஏத்திக்கிட்டுத்தான் போயிருக்கான்' என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அடுத்தவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக் குழாய் மூன்று என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழாய்களை வாங்கிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு வந்தேன். உங்களுக்கு நாலு வயது. உங்கள் அம்மா இடுப்பில் இருந்தீர்கள், கையில் ஒரு பிஸ்கட். ஊறிப்போன பிஸ்கட். போதகர் குடியைப் பற்றித்தான் பேசினார். அரை மணி நேரம் பேசினார். உங்கள் அம்மா ஒரு தடவை மட்டும் தலையைத் தூக்கி, 'அவுக குடிக்க மாட்டாக' என்றார்கள். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குழாய்கள் என் சட்டைப் பையில் இருந்தன. கைப்பையில் வைத்தால் குலுங்கும், கால்கள் ஒடிந்துபோகும். சட்டைப் பைதான் பத்திரம்.

இன்றைக்குக் காலையில் போனில் நீங்கள் சொன்னீர்கள், அம்மா இன்னும் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறார்கள் என்று. பள்ளிக்கூடத்தில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்றும் சொன்னீர்கள். அப்படியெல்லாம் ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லவேண்டும். இரண்டு குழாய் காலி. மூன்றாவதில் ஏழு வண்டு. அதில் இரண்டு ஆண். ஐந்து வாரம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினேன். அத்தனை பேரும் ஊரில் ஒன்று பேசிக்கொண்டிருந்தபோது நான் அவர் பெயரை உலகத்திலேயே அழியாத இடத்தில் எழுதினேன். ஆட்சிகள் போகலாம், இந்தக் கல்லூரி இடிந்து போகலாம், அந்தப் பெயர் இருக்கும். ராஜாக்களுக்குக் கூட அது கிடைப்பதில்லை. வியன்னாக்காரருடையது அச்சாகி வந்ததும் பார்த்தேன். அது வேறு வண்டு. கால் முள்ளே வேறு. எங்களுடையதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து நாள் இல்லை, பத்து வருஷம் கழித்து எழுதியிருந்தாலும் யாரும் முந்தியிருக்க மாட்டார்கள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? அந்தக் கூஜாவில் இருக்கிறது.

நீங்கள் லேபிளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரிகிறது. செப்டம்பர் ஒன்பது என்று போட்டிருக்கிறதே, வெள்ளத்தில்தானே இது வெளியே வரும் என்று சொன்னீர்கள், சார், என்று கேட்கப்போகிறீர்கள். அனுமதி இருந்த மாதமாகப் பார்த்து நான் போட்ட தேதி அது. பெங்களூர்ப் பையன் கூட மூன்று வருஷமாக அதைக் கேட்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தானே நிகில், அவன்தான். இந்த வண்டுகளை எல்லாம் திரும்ப ஆராய்கிறான். கெட்டிக்காரன். லேபிளில் செப்டம்பர் என்று இருப்பதால் ஒவ்வொரு செப்டம்பரும் ஊமைக்கசத்துக்குப் போனான். அப்போது அங்கே முழங்கால் தண்ணீரும் கூழாங்கல்லும்தான். மூன்று வருஷமும் ஒன்றும் கிடைக்கவில்லை. நன்றாகத் தேடுங்கள் என்று எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றும் எழுதினேன்.

இதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. சரியான தேதியைச் சொன்னால் அவன் நவம்பரில் போவான். அந்த நாளில் அங்கே ஒருவரும் போகக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். அது நல்ல காரணமில்லையா? எனக்கு அது நல்ல காரணமாகத்தான் இருந்தது.

இப்போது அவன் எழுதியிருக்கிறான். ஊமைக்கசத்தில் இப்படி ஒரு வண்டு இல்லவே இல்லை, வேறெங்கோ பிடித்ததற்கு லேபிள் மாறிப்போயிருக்கிறது, இந்த ஜனவரியில் அச்சுக்குப் போகும்போது இதைச் சந்தேகப் பெயர் என்று போடப்போகிறேன் என்று. இரண்டு ஆண் வண்டின் உறுப்பையும் எடுத்து ஒட்டிவைத்த அட்டை ஒரு மழையில் பசை விட்டுத் தொலைந்துபோனது. நான் வரைந்த படம்தான் இருக்கிறது. அதனால் இடமும் தேதியும்தான் இனி சாட்சி. சந்தேகப் பெயர் என்று ஒருமுறை அச்சாகிவிட்டால் அதை யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். இருக்கும், ஆனால் ஒருவரும் கூப்பிடாத பெயர்.

கடைசி முயற்சியாகத்தான் உங்களைத் தேடிப் பிடித்திருக்கிறான். அப்பா எங்கே, எப்போது பிடித்தார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று. நீங்கள் அவனிடம் தெரியாது என்றீர்கள். என்னிடம் வந்தீர்கள்.

இருங்கள், அந்த அலமாரியின் கீழ்த்தட்டைத் திறக்கவேண்டும். மழை ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும். நவம்பர் வந்தால் இந்தத் தட்டு மட்டும் சிக்கும். மற்றவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. வண்டுகூட அப்படித்தான். ஊசியைச் சுவர்ப் பக்கம் பார்த்து வைப்பேன். அடுத்த வருஷம் திறந்தால் கதவைப் பார்த்து நிற்கும். அட்டை தளர்ந்தால் ஊசியில் சுழலும், அது சாதாரணம். கண் இல்லாதது எந்தப் பக்கம் திரும்பினால் என்ன.

இதோ. மூன்றாவது குழாய். வண்டுகளை எடுத்த பிறகு இதைத் தூக்கிப் போடவில்லை. உள்ளே ஒரு காகிதம் தெரிகிறதா? வெளியில் ஒட்டினால் லேபிள் விழுந்துவிடும் என்று குழாய்க்குள்ளேயே போட்டுவிடுவோம். ஸ்பிரிட்டில் மை கரையும், பென்சில் கரையாது. வருஷா வருஷம் நவம்பர் பன்னிரண்டு அன்று ஸ்பிரிட் ஊற்றி நிரப்புவேன். ஆவியாகிக் குறையும் பாருங்கள். விளிம்புவரை வரவேண்டும், காற்று நிற்கக் கூடாது. அதைச் சொல்லித் தந்தவர் உங்கள் அப்பாதான். காற்றுக் குமிழ் இருந்தால் உள்ளே இருப்பது ஆடி ஆடி ஒடிந்துபோகும் என்பார்.

ஃபேனை நிறுத்திவிடுங்கள். பறந்துவிடும். ஒற்றுத்தாள் மேல் வைக்கிறேன். காய்வதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை தொடாமல் படியுங்கள். சத்தமாக வேண்டாம். எனக்கு மனப்பாடம்.

ஆமாம். 'ஊமைக்கசம், மேல் மடை. 12.11.98. மணி 3.40. மழை. ஆண் உண்டு சார்.'

ஆணுக்கு முன்னங்கால் பாதம் அகலமாக இருக்கும். நான் கொடுத்த சின்ன லென்ஸை வைத்து, அந்த மழையில், பார்த்திருக்கிறார். பார்த்து எழுதி, குழாயை மூடி, கைக்குட்டையில் சுற்றி, பையை ஊக்கால் குத்திக்கொண்டு திரும்பியிருக்கிறார். போகும்போது இல்லை, வரும்போதுதான். அந்த எழுத்தைப் பாருங்கள், ஒரு கோடு தவறவில்லை. குடித்தவன் கை அப்படி எழுதாது. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அழுங்கள். பரவாயில்லை. காகிதத்தின் மேல் மட்டும் விழாமல்.

பாட்டிலைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். கேளுங்கள். இருபத்தாறு வருஷம் யாரும் கேட்கவில்லை. குவார்ட்டர் பாட்டில்தான் எல்லோரும் கொண்டுபோவோம். பேண்ட் பையில் அடங்கும், கண்ணாடி கனம், விழுந்தாலும் உடையாது. அதன் மேல் ஸ்பிரிட் என்று பெரிதாக லேபிள் ஒட்டுவோம். ஒட்டாமல் ஒன்றும் இந்த அறையை விட்டுப் போகாது, அது என் சட்டம். அன்றைக்குக் கடித அவசரம். லேபிள் ஒட்டின பாட்டில் எல்லாம் ஸ்டோரில் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் லீவு. அதனால் கையில் இருந்த ஒன்றில் ஊற்றிக் கொடுத்தேன். எள்ளுப் பாதி வண்டுக்கு இரண்டு லேபிள் கோக்கிற நான் அந்தப் பாட்டிலுக்கு ஒன்று ஒட்டவில்லை.

கையில் இருந்தது என்றால், இந்த மேஜையில். அடி இழுப்பறையில்.

எங்கிருந்தோ வந்த பாட்டில் என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்தேன். எங்கிருந்தும் வரவில்லை. நான் குடித்துக் காலி பண்ணினது. குளிருக்கு என்று எப்போதாவது, கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டில் தெரியாது, துறையில் தெரியாது. வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு எங்களுடையது. உங்கள் அப்பாவுக்கு மட்டும் தெரியும். அவர் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. ஏட்டு அந்தப் பாட்டிலைத் திறந்தபோது, அது ஸ்பிரிட் என்று நான் சொல்லியிருந்தால், யார் பாட்டில் என்பதுதானே அடுத்த கேள்வி. அனுமதி, கல்லூரி, பன்னிரண்டாயிரம் வண்டு, எல்லாம் அப்புறம் வீட்டுக்கு வந்து யோசித்தவை. அந்த நேரத்தில் அங்கே நின்றபோது இந்த ஒன்றுதான் தோன்றியது.

உங்கள் அம்மா ரூத்தம்மாவிடம் சொல்லுங்கள், அந்தப் பாட்டில் சங்கரலிங்கம் சாருடையது என்று. இல்லை, நானே வந்து சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் வாசலில் வந்து நிற்கட்டுமா? அது சரியாக இருக்குமா? எல்லோரும் இருக்கும்போதா, எல்லோரும் போன பிறகா? நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள். எனக்கு இதில் எது முறை என்று தெரியவில்லை. நிகிலுக்கு இன்றைக்கே எழுதிவிடுவேன். தேதி இது, காரணம் இது, நவம்பரில் போகாதே, போனாலும் கரையில் கயிறு கட்டாமல் இறங்காதே என்று.

காய்ந்துவிட்டது. ஓரம் சுருளவில்லை, நல்ல காகிதம்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். என் லேபிளை எடுக்க முடியாது. ஊசியில் ஒருமுறை கோத்ததை யாரும் கழற்றக் கூடாது, தப்பாக இருந்தாலும். கீழே இன்னொன்றைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். அதனால் இரண்டும் இருக்கும். எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் ஒவ்வொருவரும் மையில் எழுதியதைப் படிப்பார்கள், அப்புறம் பென்சிலில் எழுதியதைப் படிப்பார்கள். படித்துவிட்டு இந்தச் சார் யார் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இந்த ஃபோர்செப்ஸை நீங்கள் பிடியுங்கள். என் கை இப்போது சரியில்லை, உங்களுக்குப் பழக்கம்தானே. எழுத்தில் குத்தாமல் ஓரமாக. ஊசி முனையை நேராக விட்டு மேலே தள்ளுங்கள். இன்னும் கொஞ்சம். என் லேபிளைத் தொடவேண்டாம், நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி இருக்கட்டும். போதும். பெட்டியில் வைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் பார்த்து வேண்டுமானாலும்.

ஐந்து ஐம்பதுக்கு உங்கள் ஊர் பஸ். அதை விட்டால் ஏழே காலுக்குத்தான், அதில் உட்கார இடம் கிடைக்காது. குடை வாசலில் சாத்தியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, கோயிலில் அந்தக் கடைசி பெஞ்சுக்குச் சாய்மானம் உண்டா?

குழாயைக் கழுவ வேண்டாம், இப்படித் தாருங்கள். அந்த ஸ்பிரிட் கேனையும் கொஞ்சம் நகர்த்துங்கள். நீங்கள் கிளம்புங்கள், நேரமாகிறது. விளிம்புவரை வரவேண்டும் இது. காற்று நிற்கக் கூடாது.